சலீமா பீவி வண்டி விலை பேசுகிறார்

சலீமா பீவி விலையைக் கேட்பதில்லை. முதலில் தண்ணீர் கேட்பார். கடைக்காரர் பாட்டிலைத் தேடி உள்ளே போய் வருவதற்குள் கடையை ஒரு சுற்றுக் கண்ணால் அளந்துவிடுவார். எந்தச் சரக்கில் தூசி படிந்திருக்கிறது, கல்லாவில் இருப்பது முதலாளியா முதலாளியின் மச்சானா என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். தண்ணீரைக் குடித்து முடித்து, "என்னாப்பா, கடைல கூட்டமே காணோம்?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார். கடைக்காரர் அங்கேயே பாதி இறங்கிவிடுவார்.

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் கட்டில், பீரோ, மோட்டார் பம்பு, கல்யாண மண்டபம் என்று எதற்கு விலை பேசுவதானாலும் சலீமா அக்காவைத்தான் கூட்டிப் போவோம். வயது ஐம்பத்தாறு. கையில் எப்போதும் ஒரு ரெக்சின் பை. கூலி வாங்க மாட்டார், திரும்பும்போது ஒரு ரோஸ்மில்க் போதும். அந்த ரோஸ்மில்க்குக்கும் விலை பேசுவார். நாம் காசு கொடுக்கும்போது நமக்காகத்தான் பேசுகிறார் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அவரும் ஒரு வியாபாரி. வீட்டின் முன்னறையில் புடவையும் நைட்டியும் விற்கிறார். அங்கே யாராவது பத்து ரூபாய் குறைத்துக் கேட்டுவிட்டால் முகம் சுருங்கிவிடும். "நம்மகிட்ட ஒரே வெலதான். பேரம் பேசுறது எனக்குப் புடிக்காது" என்பார். என் மனைவி ஒருமுறை இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த நைட்டிக்கு இருபது ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்.

அவருடைய வித்தைகளில் பெரியது நடை. பேச்சு ஓரிடத்தில் நின்றுவிட்டால் எழுந்து போய்விடுவார். "வாசப்படி தாண்டி பத்து அடி. அதுக்குள்ள கூப்புட்ருவான். கூப்புடலன்னா அவன் சொன்னது நெச வெல." நான் பார்த்தவரை எல்லோரும் ஏழாவது அடிக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த மாதம் அவர் தன் வீட்டுக்காகவே விலை பேச வேண்டியதாயிற்று. மகன் நவ்ஷாத் ஷார்ஜாவில் பதினொரு வருடமாக டிரைவர். லீவில் வந்தவன், திரும்பிப் போக மனமில்லை என்று சொல்லிவிட்டான். புதிதாக வந்திருக்கிற ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவன் எண்ணம். பின்பக்கம் நீளமான வண்டி. திருவந்திபுரம் கோயில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் சீர்வரிசையை அப்படியே ஏற்றலாம், பிச்சாவரத்துக்கு வருகிறவர்கள் பெட்டிகளை அடுக்கலாம். வண்டி வெளியாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவனிடம் இருந்தது பதின்மூன்று லட்சத்து எழுபதாயிரம். வட்டிக்கு வாங்குவது அவர்கள் வீட்டில் கிடையாது, அதனால் பேங்க் லோன் என்ற பேச்சே எழவில்லை. அந்தக் காசுக்குள் வண்டி அமையவில்லை என்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை விமானம், இன்னும் இரண்டு வருடம்.

கடலூர் ஷோரூமுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் எந்தக் காகிதத்தையும் படித்துவிடுவேன் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை.

காலை முதல் பஸ். "போணிக்குப் போயி நின்னா அவனால தட்ட முடியாது" என்றார். வழியெல்லாம் மகனுக்குப் பாடம் நடந்தது. "வண்டியப் பாத்து சிரிக்கக் கூடாது. ஸ்டேரிங்கத் தொடக் கூடாது. வயித்து வலிக்காரன் மாரி மூஞ்சிய வச்சுக்க." நவ்ஷாத் சரி சரி என்று தலையாட்டினான்.

ஷோரூமில் போய் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவனைப் பெற்றவனே நான்தான் என்பதுபோல் இருந்தது.

விற்பனையாளர் சித்தார்த், கழுத்தில் டை கட்டிய இளைஞர். அக்கா தண்ணீர் கேட்டார். அவர் கண்ணாடிக் கிளாஸில் குளிர்ந்த நீரும், கேட்காமலே காபியும் பிஸ்கட்டும் வரவழைத்துவிட்டார். அக்கா கொஞ்சம் தடுமாறியது அங்கேதான்.

"நாங்கதாம்ப்பா இன்னிக்கு போணி" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் மேடம். நேத்து மட்டும் பதிமூணு புக்கிங். வெயிட்டிங் மூணு மாசம்."

அக்கா சீட் துணியை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "ஒரு வெயிலுக்குத் தாங்காது" என்றார். கதவைப் பானை தட்டுவதுபோல் தட்டினார். சித்தார்த் எல்லாவற்றுக்கும் சிரித்துவிட்டு விலைத்தாளை நீட்டினார். மொத்தம் பதினான்கு லட்சத்து முப்பத்தோராயிரம். அறுபத்தோராயிரம் இடித்தது.

"ஒவ்வொண்ணா படி தம்பி" என்றார் அக்கா. நான் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டார்: "இது இல்லன்னா வண்டி ஓடாதா?"

வண்டி விலை, ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ் மூன்றுக்கும் சித்தார்த், "ஓடாது மேடம்" என்றார். மேட், சீட் கவர், பக்கவாட்டுப் பட்டை எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் என்ற வரி வந்தது. சித்தார்த் நல்ல வீட்டுப் பிள்ளை, பொய் வரவில்லை. "ஓடும்" என்றார். அடித்தாயிற்று. அடுத்து, வண்டியைக் கையாளும் கட்டணம் ஏழாயிரத்து ஐந்நூறு.

"கையாள்றதுன்னா?"

"எங்க யார்டுலேந்து இங்க கொண்டாந்து கழுவி..."

"எம் புள்ள பதினோரு வருசம் வண்டி ஓட்டுனவன். அவனே ஓட்டிட்டு வருவான், அவனே கழுவிப்பான்." அதையும் அடித்தாயிற்று.

மிச்சம் இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு. அதற்குமேல் தாளில் அடிக்க ஒன்றும் இல்லை. "புது மாடல் மேடம். ஒரு ரூபா டிஸ்கவுண்ட் கெடையாது" என்றார் சித்தார்த். அக்கா பையைத் தோளில் மாட்டினார். எழுந்தார். நடந்தார்.

நவ்ஷாத் காரைவிட்டு இறங்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு, எட்டு, பத்து. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. சித்தார்த் அடுத்த வாடிக்கையாளருக்குக் காபி சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டாவது அடியில் அக்கா ரோட்டோரம் போய் நின்றார். என் செல்போன் அடித்தது.

"கூப்புடுறானா?"

"இல்லக்கா."

"இந்தப் பக்கம் பாக்குறானாவது?"

"அதுவும் இல்லக்கா. பிஸ்கட் எடுத்து வைக்கிறாரு."

கண்ணாடி வழியே பார்த்தேன். வெயிலில் செல்போனைக் காதில் வைத்தபடி, யாரிடமோ முக்கியமாகப் பேசுகிறவர்போல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தார். எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

வந்து உட்கார்ந்து, விலையைப் பற்றிப் பேசவில்லை. "ஏம்ப்பா, எந்தச் சரக்கு வந்தாலும் அதுல ஒரு கலர் விக்காது. நானும் துணி விக்கிறவதான், கட்டுக்கு ஒண்ணு நிக்கும். ஒன்னோட வண்டில விக்காத கலர் எது?"

சித்தார்த்தின் சிரிப்பு முதல் தடவையாக நின்றது. உள்ளே போய் மேலாளர் வினோதினியை அழைத்து வந்தார். ஒரு வண்டி இருந்தது. யாரோ ஆசைப்பட்டு புக் செய்து, நேரில் பார்த்ததும் வேண்டாம் என்று போய்விட்டார்களாம். பின்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். போய்ப் பார்த்தோம். வேகவைத்த பச்சைப்பயறின் நிறம். நவ்ஷாத்தின் முகத்தில் காலையில் பஸ்ஸில் படித்த பாடம் இப்போதுதான் தானாக வந்தது.

"ம்மா, வெள்ளன்னு சொன்னேனே..."

"சும்மா இரு. வெள்ள வண்டி ஊர்பூரா நிக்கிது. இதன்னா கல்யாணக் கூட்டத்துலயும் ஒன்னோட வண்டியக் கண்டுபுடிச்சி வந்துருவாங்க."

வினோதினி இருபதாயிரம் குறைப்பதாகச் சொன்னார். அக்கா இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு என்றார்.

"அது என்னம்மா, அந்த ஐந்நூறு?"

இந்த இடத்தில் அக்கா வழக்கமாக நாலு கதை சொல்வார். பக்கத்து ஊரில் குறைவாகத் தருகிறார்கள், சொந்தக்காரரே ஷோரூம் வைத்திருக்கிறார் என்று. அன்று சொல்லவில்லை. "அவன்கிட்ட அவ்ளோதாம்மா இருக்கு. இது அமையலன்னா செவ்வாக்கிழம ஃப்ளைட் ஏறிடுவான். இன்னும் ரெண்டு வருசம் என்னால முடியாது" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தார்.

வினோதினி அந்தப் பச்சைப்பயறு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். கால் மணி நேரம் பேசினார். வெளியே வந்து, "டெலிவரி வெள்ளிக்கிழமை எடுத்துக்கலாமா?" என்று நவ்ஷாத்திடம் கேட்டார். அவன் வேகமாகத் தலையாட்டினான். வெள்ளையோ பச்சையோ, அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வெளியே வந்ததும் ஆட்டோ ஒன்று நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன். டிரைவர் எங்கள் மூன்று பேரையும், பின்னால் இருந்த கார் ஷோரூமையும் பார்த்துவிட்டு, "நூத்தி இருபது" என்றார். அறுபதுக்குக்கூடப் பெறாத தூரம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன். ஆட்டோக்காரரும் பேரத்துக்குத் தயாராக இன்ஜினை அணைத்தார்.

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நவ்ஷாத்தின் மணிக்கட்டைப் பிடித்து முதலில் அவனை உள்ளே ஏற்றினார், தானும் ஏறி நெருங்கி உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அந்தக் கையை விடவில்லை.