அம்மா பார்க்காத சாவுகள்

பனி பெய்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு முறை பனியில் விழுந்து செத்திருக்கிறேன். அதுபோக ஒருமுறை கப்பலில், ஒருமுறை குதிரையிலிருந்து சரிந்து, ஒருமுறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளின் கையைப் பிடித்தபடி. எனக்கு மகளே கிடையாது. அரைத்தூக்கத்தில் இதெல்லாம் என் ஞாபகங்கள் போலவே வந்து போகும். விழித்த பிறகு பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

சென்னையில் டப்பிங் பேசுகிறவன் நான். அமெரிக்க நடிகர் ஒருவருக்குப் பதினேழு வருடம் தமிழ்க் குரல் என்னுடையது. அவர் கதாநாயகர் இல்லை. கதாநாயகனின் அப்பா, பாதிரியார், கடைசியில் மனம் திருந்துகிற வில்லன், இப்படித்தான் வேடங்கள். எதுவானாலும் படம் முடிவதற்குள் செத்துவிடுவார். ஸ்டுடியோவில் நான் நுழைந்தாலே, "என்ன சார், இன்னைக்குத் துப்பாக்கியா, நெஞ்சுவலியா?" என்பார்கள்.

இளமையில் இருபது வருடம் நியூயார்க்கில் மேடை நாடகம்தான் அவருக்குப் பிழைப்பு. நாற்பதைத் தாண்டித்தான் சினிமாவுக்கு வந்தார். வந்த பிறகும், படம் இல்லாத மாதங்களில் மேடைக்கே ஓடியிருக்கிறார். அந்த நாடகங்களை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் அதன் மிச்சம் ஒன்று அவரிடம் இருந்தது. கேமரா முகத்துக்கு நேரே நிற்கும்போதுகூட, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல மூச்சை இழுத்துக்கொண்டுதான் பேசுவார். முதலில் அந்த மூச்சைத்தான் நான் கற்றுக்கொண்டேன். அவர் பல்செட் கட்டியபோது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது, உதடு மூட ஒரு கணம் தாமதித்தது. இடது கடைவாய் சோர்ந்ததும் தெரிந்தது. "என் மூஞ்சிய ஒருநாளாவது இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்விதான். நான் ஒருத்தன் இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது.

அம்மா சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்தோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் மகன் படம் என்றால் பக்கத்து வீட்டார் எல்லாம் வந்துவிடுவார்கள். வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால் என் குரல். முதல் படத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் சுடப்பட்டு விழுகிறார். ஆங்கிலத்தில் அவர் வேறு என்னவோ முனகினார். நம் ஊரில் சாகிறவன் அம்மாவைத்தானே கூப்பிடுவான் என்று வசனம் எழுதியவர் அப்படியே எழுதிவிட்டார். நானும் உயிரைக் கொடுத்து "அம்மா" என்றேன்.

அந்தச் சத்தத்திலேயே அம்மா டிவியை அணைத்துவிட்டாள்; அன்று சாப்பிடவில்லை. சாயங்காலம் போனில் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஒனக்கு வேற சோலியே கெடைக்கலையா? பொழச்சுக் கெடக்குற ஆளுக்குப் பேசக் கூடாதா? வாய்ல வர்ற வார்த்த பலிச்சுப் போகும்டா."

அதற்குப் பிறகு திரையில் அவர் லேசாக இருமினாலே போதும், ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவாள். ஒரு படத்தையும் முடிவுவரை பார்த்ததில்லை. அவள் கணக்கில் அவர் எல்லாப் படத்திலும் பிழைத்துக்கொண்டார். "பெறகு சொகமாகி ஊருக்குப் போயிட்டாக" என்று மற்றவர்களிடம் அடித்துச் சொல்வாள். நான் மறுத்ததில்லை. எனக்கும் அந்த முடிவுகள் பிடித்திருந்தன.

போன மாதம் ஊரில் இருந்தேன். மதியம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கிக்கொண்டிருந்தது. இலைக்குள் வடிந்து வந்த வெயில் பச்சையாக இருந்தது. போனில் செய்தி வந்தது. அந்த நடிகர் தூக்கத்திலேயே போய்விட்டார். முதல்முறையாக நான் இல்லாமல் செத்திருக்கிறார். வெட்கத்தை விட்டு அழுதேன்.

மோர் கொண்டுவந்த அம்மா பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். செம்பைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைக யாரும் பக்கத்துல இருந்தாகளா?"

"தெரியலம்மா."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இத்தன தடவ அந்த மனுசன் சாகுறப்பவும் நான் டிவிய அமத்திட்டேன். ஒருக்காவது கூட இருந்திருக்கணும்." செம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்த மொதப் படம் போன்ல கெடைக்குமா? கடைசிய மட்டும் போடு" என்றாள்.

"வேணாம்மா. அதுல அம்மான்னு வரும்."

"வரட்டும். அவுகளப் பெத்தவ இனிமே அங்கன வர முடியுமா? நான் இங்கன இருக்கேன்ல."

போட்டேன். போனை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் இருமினார். அவள் விரல் நகரவில்லை. துப்பாக்கி வெடித்தது. அவர் சரிந்தார். அந்தப் பழைய நாடக மூச்சை இழுத்துக்கொண்டு, பதினேழு வருடத்துக்கு முந்தைய என் குரலில், "அம்மா" என்றார்.

"என்னய்யா" என்றாள் அம்மா. "இந்தா இருக்கேன்."

படம் முடிந்து திரை கறுத்த பிறகுதான் போனைத் தந்தாள்.

"எந்திரி. சாவுக் கேதம் கேட்டா தல முழுகணும். குளிச்சிட்டு வா, சாப்பிடலாம்."

மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. மூன்று முறை முங்கச் சொல்லிவிட்டு அவள் சுவருக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். முதல் முங்கில் நான் எழக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"ஏலே, ஏதாவது பேசிக்கிட்டே குளிலே. சத்தம் கேக்கணும்."

எழுதித் தந்த வசனம் எதுவும் இல்லை. தண்ணீர் குளிர்கிறது என்றேன். பசிக்கிறது என்றேன். அவள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.