யாருமே சுடாத பீரங்கி

பேய், பிசாசு, செய்வினை என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஊரில் ஷெல்லுக்குப் பயந்த பயத்தில் பேய்க்குப் பயப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை, அதுதான் உண்மை. நீங்களும் நம்பப்போவதில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பரவாயில்லை, கோப்பியைக் குடித்துக்கொண்டு கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நான் இங்கே இத்தாலியில், பலேர்மோவின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. வயதான மனுசி, தனியாக இருந்தா. நாலாம் மாடி, பால்கனியில் நின்றால் துறைமுகம் அப்படியே தெரியும். இவர், என் மனுசன், பக்கத்து ஊர் பகேரியாவில் ஒரு பழைய வில்லாவில் தோட்ட வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மகள் தாரணி அப்போது ஐந்து வயது, யாழ்ப்பாணத்தில் என் அக்காவோடு இருந்தாள். சிஞ்ஞோரா வீட்டு வேலை நிலைத்தால்தான் எனக்கு இங்கே இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, அது இருந்தால்தான் பிள்ளையை இங்கே எடுக்கலாம். வேலை போனால் பிள்ளையும் இல்லை. ஒவ்வொரு நாளும் தரை துடைக்கும்போது என் மனதில் ஓடினது அது ஒன்றுதான்.

ஆனாலும் அது நல்ல காலம் பாருங்கோ. வியாழக்கிழமை பின்னேரம் எங்களுக்கு லீவு. என்னைப்போல வீட்டு வேலை செய்த நாலைந்து தமிழ்ப் பெட்டைகள் சேர்ந்து வியா மக்வேதாக் கடைத்தெருவில் மேலும் கீழும் நடப்போம், ஒன்றும் வாங்கமாட்டோம், கடைக் கண்ணாடியில் எங்கள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வருவோம்.

சிஞ்ஞோராவின் மகன் கடற்படையில் அதிகாரி. ஒரு வருடம் கோடையில் அவருடைய கப்பலோடு கூட்டணி நாடுகளின் கப்பல்களும் பலேர்மோவுக்கு வந்தன. கிரேக்கம், துருக்கி, ஸ்பெயின், இங்கிலாந்து. ஒரு கப்பலின் விலாவில் மற்றக் கப்பலைக் கட்டி வரிசையாக விட்டிருந்தார்கள், கடைசிக் கப்பலுக்குப் போக மற்ற நாட்டுக்காரரின் தளங்களை எல்லாம் மிதித்துக்கொண்டுதான் போகவேண்டும். ஊரில் சாம்பல் நிறத்தில் கப்பல் என்றாலே நாங்கள் ஓடுகிற சனம். சிஞ்ஞோராதான் விளக்கினா: "இவையள் எல்லாம் ஒரு கூட்டு. ஒருத்தனைத் தொட்டால் எல்லாரையும் தொட்ட மாதிரி." கிரேக்கனும் துருக்கியனும் ஊரில் கீரியும் பாம்பும் என்று அவவே சொன்னா, இங்கே பார்த்தால் ஒருவன் எறிந்த கயிற்றை மற்றவன் பிடித்துக் கட்டுகிறான். எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாயடியில் கூட அப்படி ஒற்றுமையை நான் கண்டதில்லை.

கப்பல்கள் துறைமுகத்துக்குள் வந்த அன்று காலை மரியாதைக்குப் பீரங்கி சுட்டார்கள். மரியாதை என்று எனக்கு யார் சொன்னது? முதல் சத்தத்திலேயே குசினி மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டேன், அடுப்பில் பாஸ்தாத் தண்ணீர் பொங்கி வழிந்தது. எனக்கு மட்டுமில்லை. வியாழக்கிழமை கூடினபோதுதான் தெரிந்தது, பலேர்மோ முழுக்க எங்கள் பெட்டைகள் கட்டிலுக்கு அடியிலும் குளியல் தொட்டிக்குள்ளும் படுத்திருக்கிறார்கள். சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம்.

மகன் சிரிக்கவில்லை. "அம்மாவுக்கு வயசு போட்டுது. பயந்து விழுற ஆளை நம்பி அவவை எப்பிடி விடுறது? இன்னொருக்கா இப்பிடி நடந்தால் வேறை ஆள்தான் பாக்கவேணும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவர் ஒரு கிரேக்க அதிகாரியையும் ஒரு துருக்கி அதிகாரியையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். துருக்கியருக்குப் பன்றி ஆகாது என்று நான் மீன் கட்லட்டும் கத்தரிக்காயும் செய்தேன். கத்தரிக்காய் எங்கள் நாட்டுச் சாப்பாடு என்று இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே சட்டியைக் காலி செய்தார்கள். சிஞ்ஞோரா அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு ஒருநாளும் சிரிக்கவில்லை. எனக்கும் மனம் நிறைந்துபோய் இருந்தது. இனி வேலைக்குப் பயமில்லை என்று நினைத்தேன்.

கோப்பியைப் பால்கனியில் குடிக்கலாம் என்றார்கள். சிஞ்ஞோரா தன் கதிரையில் போய் இருந்தா, மற்ற மூன்று பேரும் அவவைச் சுற்றி நின்று கப்பல்களைக் காட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டோடு வாசலைத் தாண்டினேன். பட்டப்பகல், வெயில், ஊரே சாப்பிட்டுப் படுக்கிற நேரம். அப்போது கேட்டது. முதலில் தூரத்தில் 'டும்' என்று ஒன்று, பிறகு காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற அந்தக் கூவல். கேட்டவர்களுக்குத் தெரியும், அது மரியாதைச் சத்தம் இல்லை, விழப்போகிற சத்தம்.

வேலை, பெர்மெஸ்ஸோ ஒன்றும் நினைவில் வரவில்லை. தட்டை எறிந்துவிட்டு, "படுங்கோ! படுங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டு சிஞ்ஞோராவைக் கையில் பிடித்து உள்ளே இழுத்தேன், மனுசியையும் கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே விழுந்தேன். வேலைக்காரிக்கு விசர் என்று நினைத்துத்தானே மூன்று பேரும் அவவைக் காப்பாற்ற உள்ளே ஓடி வந்தார்கள். மகன் என் தோளைப் பிடித்து இழுத்தபடி, "காணும்! இண்டையோடை உன்ரை வேலை முடிஞ்சுது!" என்று கத்தினார்.

அவர் வாய் மூடவில்லை, மேல்மாடிப் பால்கனியின் அடிப்பக்கக் கல் பெயர்ந்து எங்கள் பால்கனியில் விழுந்தது. ஒரே புழுதி. சிஞ்ஞோரா இருந்த கதிரை விறகாகிக் கிடந்தது. துருக்கி அதிகாரி நெஞ்சில் கை வைத்தார், கிரேக்கர் சிலுவை போட்டார். மகன் அப்படியே தரையில் இருந்து அழுதுவிட்டார்.

பிறகு எல்லோரும் என்னைக் கேட்டார்கள், என்ன கண்டு இழுத்தாய் என்று. பீரங்கிச் சத்தம் என்றேன். ஒருவருக்கும் அது கேட்கவில்லை. மகன் ஒவ்வொரு கப்பலாகப் போய் விசாரித்தார், ஒருவரும் சுடவில்லை. சுட வழியும் இல்லை, பீரங்கிகளின் வாயை உறை போட்டு மூடியிருந்ததை அன்று காலை நானே பால்கனியில் நின்று பார்த்திருந்தேன். கல் பெயர்ந்த சத்தம்தான் உனக்கு அப்படிக் கேட்டிருக்கும் என்று இவர் இன்றைக்கும் சொல்வார். சரி, அப்படியே இருக்கட்டும். அதோடு முடிந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன்.

மகன் தானே என்னைக் கெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, கூட்டிப்போய்ப் பேப்பர் எல்லாம் சரிசெய்து தந்தார். அடுத்த வருடம் தாரணி வந்து சேர்ந்தாள். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக, என் கையை விடாமல் நின்றாள். சிஞ்ஞோராவிடம் கூட்டிப்போனேன். புது ஆட்களைக் கண்டால் என் பின்னால் ஒளிக்கிற பிள்ளை, நேரே நடந்து போய் அவவின் முழங்காலைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, ஆச்சிக்கு இந்தக் காயம் மாறிட்டுதோ?" என்றாள்.

நான் இழுத்த இழுவையில் சிஞ்ஞோராவின் அந்த முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது உண்மை. அதை நான் இவருக்குக் கூடச் சொன்னதில்லை.

"எந்தக் காயமடி? ஆர் உனக்குச் சொன்னது?"

"அண்டைக்கு ஷெல் வரேக்கை பெரியம்மா வீட்டுப் பங்கர்க் குழிக்குள்ளை நீங்களும் வந்து படுத்தனீங்கள்தானே. என்ரை காதைப் பொத்தினீங்கள். ஆச்சி மற்றப் பக்கம் படுத்திருந்தவ. அவவின்ரை காலிலை ரத்தம்."

பிள்ளை சொன்னதை நான் இத்தாலியனில் சொல்ல முன்னமே சிஞ்ஞோரா அவளைத் தன் மடியில் இழுத்து முடியைக் கோதத் தொடங்கினா. என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு நல்லாத் தலை தோய வாத்திருக்கிறாய். அண்டைக்கு மேசைக்குக் கீழை இவள் உன்ரை கைக்குள்ளை கிடக்கேக்கை இந்த முடி முழுக்க மண்" என்றா. சாதாரணமாகத்தான் சொன்னா, தெரிந்த பிள்ளையைப் பற்றிக் கதைக்கிற மாதிரி.

சிஞ்ஞோரா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். தாரணிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், அவளுக்கு அது ஒன்றுமே நினைவில்லை, கேட்டால் "மம்மா, பஸ்தா", போதும் அம்மா என்று சிரிப்பாள். நான் மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு மேசைக்குக் கீழே என் வலது கை சிஞ்ஞோராவைப் பிடித்திருந்தது, அது நல்ல நினைவு. இடது கை எதையோ இறுக்கி அணைத்திருந்தது, அது சூடாக இருந்தது.