காய்ந்த வயலின் எடை

எங்கள் பக்கம் உர லாரி வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். உண்மைதான். நான் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று மட்டும் யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு வாயில் சொல்ல வந்திருக்காது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்க வேண்டுமானால் பாத்திரம் கழுவுகிற பக்கம் வர வேண்டும். எட்டாவது வரை படித்தேன், எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தார். விடிந்ததும் சைக்கிளில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது நான். தாமல் ஏரியின் கடைசி மதகுக்குக் கீழே, அந்த வாய்க்காலும் முடிகிற இடத்தில் எங்கள் நிலம். அதற்கு அப்பால் கருவேல முள்ளும் சாலையும்தான்.

அறுபதுகளின் கடைசியில் குட்டை நெல் வந்தது. பழைய சம்பா இடுப்புக்கு மேல் வளர்ந்து காற்றுக்குச் சாயும். இது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றபடியே கதிர் தள்ளும். ஏரியை ஒட்டிய வயல்களில் அது விளைந்ததை நானே பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, கதிர் கனத்துத் தொங்கியது. பயிர் விஷயம் சொல்லச் சர்க்கார் போட்டிருந்த கிராம சேவக் எங்கள் வீட்டுக்கு வந்து, கடைமடையிலும் ஒரு மாதிரி வயல் வேண்டும், விதையும் உரமும் இலவசமாகவே தருகிறோம் என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

சம்பாவை நாங்கள் ஆவணி மழைக்குப் புழுதியிலேயே விதைத்துவிடுவோம். மழை வந்தால் குடிக்கும், வராவிட்டால் வாடி நிற்கும், மறுபடி வந்தால் நிமிரும். ஏரி நிரம்பி, மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்துக் கடைசியில் எங்களுக்கு வருகிற தண்ணீர் அதற்குப் போதும். குட்டை நெல்லுக்கு அது போதவில்லை. நட்ட நாளிலிருந்து அதன் காலடியில் தண்ணீர் நிற்க வேண்டும். கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் எங்கள் வாய்க்கால் வறண்டது. வாய்க்கால் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விளைந்தது. நடு வயலில் எந்தக் கதிரைக் கிள்ளினாலும் பதர்.

தை மாதக் கடைசியில், அறுப்பு நேரத்தில், எடை போட பிளாக் ஆபீசிலிருந்து ஓர் இளவயது ஆபீசர் வந்தார். கயிறு, நாலு முளை, தராசு எல்லாம் ஜீப்பில் வந்தன. ஊரே களத்துமேட்டில் கூடிவிட்டது. வயலில் ஒரு சின்னச் சதுரம் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து அடித்துத் தூற்றி நிறுப்பார்களாம். அதிலிருந்து மொத்த விளைச்சலைக் கணக்குப் போடுவார்களாம்.

"இந்த எடை இங்கியே நின்னுடாது. மெட்ராஸுக்குப் போகும். அங்கிருந்து டில்லிக்குப் போகும். அதை வச்சுத்தான் அடுத்த திட்டம்" என்றார் ஆபீசர்.

திட்டம் என்னவென்பதைப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் எங்களுக்கு விளக்கினார். அவருக்கு நிலமெல்லாம் ஏரியை ஒட்டி. என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. எடை நன்றாக வந்தால் கடைமடை வரைக்கும் குட்டை நெல்தான். கூட்டுறவு சொசைட்டியில் அதற்குத்தான் உரம் தருவார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் நடவு, ஒரே சமயத்தில் அறுப்பு. மதகையும் ஒரே சமயத்தில் திறந்து, ஒரே சமயத்தில் மூடிவிடுவார்கள்.

கூட்டத்தில் எல்லாரும் உரம் என்ற சொல்லைக் கேட்டார்கள். நான் மூடுவது என்ற சொல்லைக் கேட்டேன். கடைசியாக எங்களுக்கு வருகிற அந்தக் கொஞ்சம் தண்ணீர், மற்றவர்கள் அறுப்புக்கு நிற்கும்போதுதான் வரும். அதற்குள் மதகை மூடிவிட்டால் எங்கள் நிலத்தில் குட்டை நெல்லும் வராது, சம்பாவும் வராது. ஒரு வருஷம் என் வயல் காய்ந்தது போல எல்லா வருஷமும் காயும்.

ஆபீசர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் முழுக்க எண்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றின் மேல் விரலை வைத்தார். வயலின் ஒரு மூலையிலிருந்து அந்த எண்ணிக்கைக்கு அடியெடுத்துப் போய் நின்றார். நின்ற இடம் சரியாக நடு வயல், பதர் மண்டிய இடம்.

பிரசிடெண்ட் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். "சார், அங்க எலி பூந்துடிச்சி. கொஞ்சம் தள்ளி, வாய்க்கா ஓரமா போட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

"நம்பர் எங்க விழுந்துதோ அங்கதாங்க போடணும்."

"நெல்லு எங்க இருக்குதுன்னு நம்பருக்கு இன்னா தெரியும் சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். ஆனால் முளையை அங்கேயே அடித்தார். அந்த மரியாதையை நான் இன்றைக்கும் அவருக்குத் தருகிறேன்.

அறுத்துக் கொண்டுவந்து பொதுக் களத்தில் அடித்தோம். பக்கத்திலேயே மற்றவர்களின் சம்பா குவிந்து கிடந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி களத்தில் குவியல் சிறுத்துப் போனால் அது வெளியாள் கண்ணில் படக் கூடாது. மற்றவர்கள் போகிற போக்கில் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். கேட்கவும் மாட்டார்கள், பிறகு சொல்லிக் காட்டவும் மாட்டார்கள். என் மாமியார் செத்த வருஷம் நான் சரியாகப் பயிர் பார்க்கவில்லை. அப்போது எனக்கும் அப்படிப் போட்டிருக்கிறார்கள். அது பெரிய குணம், நான் குறைத்துப் பேசவில்லை.

அன்றைக்கும் அதைத்தான் செய்தார்கள். என் மூத்த ஓரகத்தி முந்தானையில் சம்பாவை அள்ளிக்கொண்டு வந்து என் குவியலில் உதறினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர்.

"அக்கா, இன்னா பண்றீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கம்முனு இரு. டில்லி வரைக்கும் போற நெல்லு. இத்துனூண்டா போனா நம்ம ஊருக்குத்தான கேவலம்" என்றாள் ஓரகத்தி.

ஆபீசர் தராசைத் தூக்கினார். முள் நின்றதும் முகம் மலர்ந்தார். "பரவாயில்லியே, கடைமடையில கூட வெளஞ்சிதான் இருக்குது."

"இது என் நெல்லு இல்ல" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

"இன்னாம்மா?" என்றார் ஆபீசர்.

"இதுல சம்பா கலந்திருக்குது சார்."

அவர் ஆச்சரியப்படவில்லை. குட்டை நெல் மணி குண்டு, சம்பா ஒல்லி. இரண்டும் கலந்து கிடப்பது யார் கண்ணுக்கும் தெரியும். அவரும் பார்த்துவிட்டுத்தான் நிறுத்திருக்கிறார். என் பக்கம் குனிந்து, "விடும்மா. ஒரு கை அப்படி இப்படி இருந்தா என்ன? ஊருக்கு நல்லதுதானே" என்றார்.

பிரசிடெண்ட் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "வூட்ல பேசாத பொண்ணுக்குக் களத்துல வாய் வந்துடிச்சிபா. ஏம்மா, வர்ற மகாலட்சுமிய வாணாங்கிறியா?"

எனக்கு வந்தது வாய் இல்லை. கைதான் வந்தது. தராசுத் தட்டைச் சாய்த்து அந்த நெல் அத்தனையையும் களத்தில் கொட்டினேன். கொட்டியதைக் கையால் பரப்பியும் விட்டேன், யாரும் திரும்பக் கூட்டி அள்ள முடியாதபடி.

"நெல்லத் தள்றியேடி, நீ வெளங்குவியா?" என்றாள் ஓரகத்தி. அவள் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். எனக்காக அள்ளிப் போட்டவள் அவள்.

ஆபீசருக்கு முகம் சிவந்தது. "இப்ப நான் எத நிறுக்கிறது?"

"இன்னொரு தபா நம்பர் எடுங்க சார். நானே அறுத்துத் தரேன்."

எடுத்தார். அதுவும் காய்ந்த இடத்தில்தான் விழுந்தது. காயாத இடம் அந்த வயலில் எவ்வளவு இருந்தது? நான் மட்டும் இறங்கி அறுத்தேன். என் வீட்டுப் பாயை விரித்து அதில் அடித்தேன். யாரும் கிட்டே வரவில்லை, வரவிடவும் இல்லை. தூற்றியபோது பாதிக்கு மேல் காற்றோடு போனது. மிச்சத்தைத் தட்டில் வைத்ததும் முள் அசைந்ததா என்று அவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கிராம சேவக் என் வீட்டுக்காரரைச் சாலையில் நிறுத்தி, என் வயலைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அது கெட்டுப்போன பயிராம். கெட்டுப்போன பயிர் சோதனையில் சேராதாம். ஏரியை ஒட்டிய வயல்களின் எடையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைமடை வரைக்கும் திட்டம் போடப்போகிறார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். "எங்க மொதலாளி இருக்காரே, பொடவைய முந்தி மட்டும் பாத்துட்டுக் கூலி குடுக்க மாட்டாரு. ஒடம்பு பூரா பிரிச்சிப் பாப்பாரு. ஒரு இழை அறுந்திருந்தாலும் வுட மாட்டாரு. கெவர்மெண்ட்டுக்கு முந்தியே போதும் போலக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அவருடைய சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து காஞ்சிபுரம் போனேன். பிளாக் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு அவர் தறிக்குப் போனார். உள்ளே வந்து பேசவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் பேசினால் ஆம்பிளைகள் இரண்டு பேர் பேசி முடித்துவிடுவார்கள். வயல் பார்த்தவள் நான்.

அதே ஆபீசர்தான். என்னைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "பூச்சி, எலி, வறட்சி, இதெல்லாம் நெல்லோட குத்தம் இல்லம்மா. அதனால அந்த மாதிரி வயல ஒதுக்கிடறோம்."

"தண்ணி வராதது நெல்லு குத்தம் இல்ல சார். ஆனா அங்க தண்ணி வராது. எந்த வருசமும் நேரத்துக்கு வராது."

"ஒரு வயலுக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?"

"வெளஞ்சத மட்டும் நிறுத்தா எல்லா ஊரும் வெளஞ்ச ஊருதான் சார்."

நான் போகவில்லை. அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். போம்மா என்றார், நின்றேன். சாப்பிடப் போய்விட்டு வந்தார், நின்றேன். பக்கத்து மேஜை குமாஸ்தா, "இன்னாமா, வேண்டுதலா? கோயிலு அந்தப் பக்கம் இருக்குது" என்றார். அதற்கும் நின்றேன். வெட்கம் என்னைத் தின்றது. புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து நுனி நூல் பிரிந்துவிட்டது. கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று தெரியும்: எங்கே இருந்தாலும் கூசத்தான் போகிறோம். வீட்டில் கூசுவதை இங்கே நின்று கூசினால் என்ன?

வெயில் சாய்கிற நேரத்தில் அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். ஏரிக்கரை வயல்கள் என்று மேலே இருந்தது. அதற்குக் கீழே கோடு போட்டு, கடைமடை என்று தனியாக எழுதி, என் வயலின் எடையைப் பக்கத்தில் போட்டார். எனக்குப் படித்தும் காட்டினார்.

"சந்தோஷமா?" என்றார்.

"சந்தோஷப்பட இன்னா இருக்குது சார்? என் வயலு காஞ்சதத்தான எழுதியிருக்கீங்க."

அவர் காகிதத்தைக் கட்டில் சேர்த்து வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா" என்றார். அதுவரை வாம்மா போம்மாதான்.

திட்டம் போடுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. டில்லியில் உட்கார்ந்திருப்பவருக்கு என் வாய்க்கால் தெரியாது. தராசில் நாம் வைப்பதுதான் அவருக்குத் தெரியும். அதில் ஊர்ப் பெருமையை வைத்தால் பெருமைக்குத் திட்டம் போடுவார். பசிக்கு யார் போடுவார்கள்? இதை ஓரகத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "நாங்க உன் மானத்துக்குப் போட்டோம். நீ எங்க சோத்துல மண்ணப் போட்ட" என்றாள். அவள் நிலம் எங்களுக்கு ஒரு வயல் மேலே. உரம் கிடைத்திருந்தால் ஒரு வருஷமாவது நன்றாக எடுத்திருப்பாள். அது நிஜம். மறு வருஷம் மதகை மூடியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எழுந்து உள்ளே போனாள். இன்றுவரை என்னோடு பேசவும் இல்லை. அது எனக்கு நஷ்டம்தான். ஆனாலும் அந்தத் தட்டை மறுபடி என் கையில் கொடுத்தால் மறுபடியும் கொட்டுவேன்.

அடுத்த பட்டத்துக்குத் திட்டம் மேல் மதகோடு நின்றது. எங்கள் மதகைப் பழைய வழக்கப்படியே விட்டார்கள். ஆவணியில் நான் சம்பா விதைத்தேன். ஐப்பசியில் ஒருநாள் உர மூட்டை ஏற்றிய லாரி எங்கள் வயலை ஒட்டிய சாலையில் நிற்காமல் மேல் மதகுப் பக்கம் போனது. சாலையோரம் நின்றவர்கள் லாரியைப் பார்த்தார்கள், பிறகு வயலுக்குள் இருந்த என்னைப் பார்த்தார்கள்.

"பாரு, தல நிமிருதா பாரு" என்று ஒருத்தர் சொன்னது எனக்குக் கேட்டது.

நிமிரவில்லைதான். சம்பாவுக்கு நடுவே கோரை மண்டியிருந்தது. களை எடுக்கிறவள் குனிந்துதான் எடுக்க வேண்டும்.