நெடுமாறனின் தொண்டை

“திர்ணாமல திர்ணாமல திர்ணாமலே! ஏறு ஏறு ஏறு! யோவ் மஞ்சப்பை, உன்னத்தான்யா, ஏறு!” என்று கூவும்போது நெடுமாறன் தன் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். ஊர்க்காது கிழிந்தால் கிழியட்டும், தன் காது பத்திரமாக இருக்க வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிட்டு ஏற்றிவிடுவது அவர் வேலை. பக்கத்திலேயே தள்ளுவண்டியில் கடலை வறுப்பது என் வேலை. அவர் தொண்டையைத் திறந்தால் என் வாணலியில் கடலை ஒரு தடவை தானாகப் புரளும்.

ஆள் ஒல்லி. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டால் கொடி கொஞ்சம் தாழும்; சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற கற்கண்டும் மிளகும்தான் அந்தக் கனம். அந்த உடம்புக்குள் அந்தக் குரல் எப்படிப் போனது என்பது, செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி உச்சிக்குப் பீரங்கி எப்படிப் போனது என்பதைப் போன்ற சமாச்சாரம். பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் இருக்கும் மச்சானோடு அவர் போனில் பேசும்போது டீக்கடை விநாயகம் கேட்பார்: “போன வச்சிட்டே பேசேம்பா. அவருக்குக் கேக்கும்.”

தொழிலில் சூரர். யார் எங்கே போகிறார்கள் என்று கேட்கவே மாட்டார். எலுமிச்சை மாலை வைத்திருந்தால் மேல்மலையனூர். செருப்பில்லாமல் வந்தால் திருவண்ணாமலை. வெள்ளைச் சட்டை போட்டு முகத்தைத் தொங்கப் போட்டிருந்தால் விழுப்புரம், கலெக்டர் ஆபீஸ். இவராகவே முடிவு செய்து பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். பைக்குச் சொந்தக்காரர் பின்னால் ஓடி வர வேண்டியதுதான்.

கல்யாணமாகி, கோவில் கோவிலாகச் சுற்றி, இனிமேல் இல்லை என்று சொந்தக்காரர்கள் பேசி முடித்த பிறகு பிறந்தது குழந்தை. பெண். மகிழினி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த புதிதில் அது சாயங்காலத்திலிருந்தே பாலைக் குடித்துக் குடித்துப் படுக்கும். ராத்திரியில் இரண்டொரு தடவை சிணுங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடும். அந்த மூன்று மாதமும் நெடுமாறனைப் பிடிக்க முடியவில்லை.

“எம்பொண்ணு லாஸ்ட் பஸ்ஸுக்குப் படுத்தா பர்ஸ்ட் பஸ்ஸுக்குத்தாண்ணே எழுந்துக்குவா. டைமிங்னா டைமிங்!”

நான்காவது மாதத்தில் டைமிங் தவறியது. குழந்தை ராத்திரி முழுக்க எழுந்தது. எழுந்த தடவையெல்லாம் பால் கேட்டது. நாலு வாய் குடித்துத் தூங்கி, கீழே படுக்க வைத்ததும் மறுபடியும் எழுந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் எல்லார் வீட்டு விஷயமும் எனக்குத் தெரியும். இதை யாரும் சொல்லவே தேவையில்லை. நெடுமாறனின் மனைவி ஜெயசுதா தண்ணீர்க் குழாயடியில் நின்றபடியே தூங்கினாள். குடம் நிறைந்து வழிந்து, பின்னால் நின்ற பெண்கள் கத்திய பிறகுதான் கண் திறந்தாள்.

நெடுமாறனும் ஆடிப்போனார். ஒரு காலை, சேத்பட்டுக்கு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்பட்ட ஒரு கூட்டத்தை, தாம்பூலத் தட்டு, பழக்கூடை எல்லாவற்றோடும் திண்டிவனம் பஸ்ஸில் அடைத்து அனுப்பிவிட்டார். ஊர் எல்லையில் அவர்கள் இறங்கித் திரும்பி நடந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் ஒரு தட்டுடன் நேராக இவரைத் தேடி வந்தார். அதில் இருந்த தேங்காயை அவர் எடுப்பதற்குள் விநாயகம் குறுக்கே பாய்ந்து, “புள்ள தூங்கலீங்க அவனுக்கு, உட்டுடுங்க” என்று காப்பாற்றினார்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உரம் விழுந்திருக்கிறது என்றார்கள்; புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார்கள். கண் பட்டிருக்கிறது என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். சந்து முழுக்க இருமியது, குழந்தை மட்டும் இருமாமல் விழித்திருந்தது. கடைசியில் நெடுமாறனின் அக்கா வள்ளியம்மாள் தீர்ப்பு சொன்னாள்.

“அவளுக்குப் பாலு பத்தலடா மாறா. பசியிலதான் எழுந்து எழுந்து அழுவுது. டின்னு பாலு குடு, கல்லு மாரி தூங்கும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. பால்மாவு டின் ஒன்று வாங்கி வந்து, டிவி மேல் முருகர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “வெள்ளிக்கெழம நல்ல நாளு. நானே வந்து தொறக்கறேன்” என்றாள். ஜெயசுதா அந்த டின்னைப் பார்க்காமல் வீட்டைப் பெருக்கினாள். அவ்வளவு நாள் காத்திருந்து பெற்றவள். தன்னிடம் பால் இல்லை என்று பிறர் சொல்வது, குழந்தையே இல்லை என்று முன்பு சொன்னதைவிட அவளுக்கு வலித்தது. என் மனைவியிடம் மட்டும் சொல்லி அழுதாளாம்.

அந்த வாரம் தடுப்பூசிக்கு வந்த நர்ஸ் ஜெனிபரிடம், பால் பத்தவில்லையா என்று ஜெயசுதா கேட்டாள். நெடுமாறனும் கூடவே இருந்தார். நர்ஸ் குழந்தையைத் தராசில் போட்டுப் பார்த்தார்.

“எடை நல்லா ஏறியிருக்கே. ஒண்ணுக்கு நல்லா போவுதில்ல? அப்போ பால் பத்தாம இன்னா? நாலு மாசத்துல தூக்கமே மாறும்மா, எல்லாப் புள்ளைக்கும்தான். அது சரி, பகல்ல ஒழுங்கா குடிக்குதா?”

“எங்க சிஸ்டர்? வாய வச்சி வச்சி எடுத்துடுது. எதுனா சத்தம் கேட்டா பட்டுனு திரும்பிக்கிது.”

“இப்பதான் அதுக்கு ஒலகம் தெரியுது. பகல்ல வேடிக்க, ராத்திரியில சாப்பாடு. சத்தமில்லாத எடமா பாத்து உக்காந்து குடு, ராத்திரி தானா கொறையும்.”

“சத்தம்தானே மேடம், இனிமே ஒரு சத்தம் வராது!” என்று நெடுமாறன் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. நர்ஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நெடுமாறனுக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து சந்துக்கு ஊரடங்கு. யாராவது மிக்சி போட்டால் நெடுமாறன் அந்த வீட்டு வாசலில் நின்று, “பாப்பா பால் குடிக்குது, மிக்சிய நிறுத்துங்க!” என்று கூவினார். குக்கர் விசில் அடித்தால் அந்த வீட்டுக்கு ஓடினார். நாய்களை மிரட்டினார். நாய்கள் பயந்து ஊளையிட்டன. அவர் சந்தில் அமைதியை உண்டாக்கிய சத்தம் கோட்டை வாசல் வரை கேட்டது.

பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வீட்டுக்கு ஓடுவதையும் அவர் விடவில்லை. அது அவருடைய பழைய பழக்கம். வாசற்படியிலிருந்தே, “மகிழு மகிழு மகிழு! நைனா பஸ்ஸு வந்தாச்சி, ஏறு ஏறு!” என்பார். மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தை சட்டென்று விட்டுவிட்டு, தலையைத் திருப்பி, கடைவாயில் பால் வழியச் சிரிக்கும். அப்புறம் ஜெயசுதா என்ன செய்தாலும் குடிக்காது. இவர் திரும்பி வந்து என் வண்டியில் ஒரு கை கடலை அள்ளிக்கொண்டு பெருமையடிப்பார்.

“எங்கொரலு கேட்டா அதுக்குப் பாலே வாணாண்ணே. அப்படி ஒரு பாசம்!”

எனக்கு விஷயம் கொஞ்சம் விளங்கிவிட்டது. ஆனால் பெருமையில் இருக்கிற மனுஷனிடம் சொல்லி, அவர் எனக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் என் காது என்ன ஆவது?

வியாழக்கிழமை அமாவாசை. மேல்மலையனூருக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து செஞ்சியில் இறங்கியது. நெடுமாறன் காலையில் கூவத் தொடங்கியவர், கடைசி ஸ்பெஷல் பஸ் போகும் வரை நிறுத்தவில்லை. திரும்பி வந்த பக்தர் ஒருவர் கொடுத்த அம்மன் எலுமிச்சம்பழத்தைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தார். வெள்ளிக்கிழமை காலை அவர் வாயைத் திறந்தபோது வெறும் காற்று வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். டீ வேண்டும் என்று விநாயகத்திடம் விரலைக் காட்டினார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

அதே காலையில்தான் வள்ளியம்மாள் வெந்நீர் போட்டு, பாட்டிலைக் கழுவி, ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு டின்னோடு உட்கார்ந்தாள். ஜெயசுதா பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

“போதும் குடு புள்ளைய” என்றாள் வள்ளியம்மாள்.

“குடிச்சிக்கினு இருக்குது அண்ணி.”

“நடிக்குதுடி. இப்ப உட்டுடும் பாரு.”

நெடுமாறன் வாசலில் வந்து நின்றார். வழக்கம்போல வாயைத் திறந்தார். காற்று வந்தது. குழந்தை திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவர் மாதிரி, ஒரு பக்கம் முடித்து மறு பக்கமும் குடித்தது. வெந்நீர் ஆறியது. வள்ளியம்மாள் மறுபடியும் சுட வைத்தாள். அதுவும் ஆறியது. கடைசியில் குழந்தை தானாக விட்டுவிட்டு ஒரு ஏப்பம் விட்டது. பெரிய மனுஷ ஏப்பம். வள்ளியம்மாளின் கையிலிருந்த ஸ்பூனே ஆடியது என்று என் மனைவி சொல்கிறாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்வாள்.

அன்று பகல் முழுக்க அப்படியே. மறுநாள் காலை குழாயடியில் ஜெயசுதா தூங்காமல் நின்றாள். ராத்திரி பழையபடி இரண்டு தடவைதான் எழுந்ததாம்.

நெடுமாறன் என்ன நினைத்தார்? மலையனூர் அம்மன் எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தார். திங்கட்கிழமை குரல் திரும்பியதும் அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வாசலில் நின்று, “மகிழு மகிழு!” என்றார். குழந்தை பாலை விட்டுவிட்டுச் சிரித்தது. அந்த ராத்திரி மறுபடியும் சிவராத்திரி. செவ்வாய்க்கிழமை ஜெயசுதா அவரை உட்கார வைத்துப் பேசியது சந்து முழுக்கக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அன்றுதான்.

“எலுமிச்சம்பழமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உந்தொண்டதான்யா! நீ ஊமையா இருந்த அன்னிக்கித்தான் எம்புள்ள வயிறு ரொம்ப குடிச்சிது. நீ கத்தற, அது வேடிக்க பாக்குது, பட்டினி கெடந்து ராத்திரில என்னப் புடுங்குது. இதுல எனக்குப் பாலு இல்லன்னு பேரு!”

நெடுமாறன் அன்று கூவியது சுரத்தாகவே இல்லை. திருவண்ணாமலை பஸ் பாதி காலியாகப் போனது. “எங்கொரலுக்குத்தானேண்ணே அது சிரிக்குது?” என்று என்னிடம் கேட்டார். நான் ஒரு பொட்டலம் கடலையை நீட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயசுதா குழந்தையோடு திருவண்ணாமலையில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பஸ் கிளம்புவதற்குள் குழந்தைக்குப் பசி வந்துவிட்டது. தாய்மார்கள் பாலூட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறைக்கு நேர் எதிரேதான் பஸ் நிற்கிறது. பஸ் நிறையவில்லை. டிரைவர், “இன்னாப்பா, கூப்புடு!” என்றார்.

நெடுமாறன் இடது காதைப் பொத்திக்கொண்டார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, மலை மாதிரிக் குவித்து, விரல் நுனிகளைத் தீபம் போல ஆட்டினார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். செருப்பில்லாமல் வந்த ஒருவர் முதலில் ஏறினார். இவருக்கு என்ன ஆகிவிட்டது என்று பார்க்க வந்தவர்கள் சிலரும் ஏறிவிட்டார்கள். விநாயகம் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். மேல்மலையனூர் பஸ்ஸும் வந்து நின்றது. அதற்கு நெடுமாறன் கண்ணை உருட்டி நாக்கை நீளமாகத் துருத்திக் காட்டினார். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினாள்.

திருவண்ணாமலை பஸ் நிறைந்துவிட்டது. ஜெயசுதாவுக்காக ஜன்னலோர இருக்கையில் துண்டு போட்டிருந்தது. பாலூட்டும் அறையின் கதவு இன்னும் திறக்கவில்லை. டிரைவர் பொறுமையிழந்து ஹாரனில் கை வைத்தார். நெடுமாறன் பஸ்ஸுக்கு முன்னால் ஓடி நின்றார். தலைக்கு மேல் குவிந்திருந்த அந்த மலை அப்படியே இறங்கி, நெஞ்சுக்கு நேராக வந்து, டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டது.