பங்குனிவரை நிற்க வேண்டிய தண்ணீர்

காலை ஆறரை மணிக்கு, இருபத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பாக்கியம் அக்கா பூண்டுலோயா ரோட்டில் எங்கள் லொறிக்காகக் காத்து நின்றார். வருஷத்தில் பாதி நாள் கம்பளி காயாத மலையில் மழைத்தண்ணீர்த் தொட்டி வைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். ஐப்பசியில் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள்; தை பிறந்ததும் எங்களுக்குப் போன் எடுப்பார்கள். ரோட்டையே மண்ணால் மூடுகிற மழை தையில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில் குடத்தை வரிசை போட்டுவிட்டு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நின்றிருப்பீர்கள்.

பாக்கியம் அக்கா கொழுந்து பறித்தே முடி நரைத்தவர். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் அடுப்பும் படுக்கையுமாக வாழ்ந்தவருக்கு, தோட்டத்தின் மேல் பக்கம் தனி வீடு ஒன்று, காணி உறுதியோடு, அவர் பெயரிலேயே கிடைத்திருந்தது. வீடு தயார். தண்ணீர்தான் ஏறவில்லை. தோட்டத்துக் குழாய் லயத்தோடு நின்றுவிடும். அந்த மேல் வரிசையில் முன்பு குடியேறியவர்கள் போன வறட்சியில் குடம் சுமந்து களைத்து, லயத்துக்கே இறங்கிவிட்டார்கள். பூட்டிய கதவுகளுக்கு முன்னால் புல் வளர்ந்து நின்றது.

அக்காவின் கணவர் சிவனு அண்ணன் அந்தப் பூட்டுகளைக் காட்டித்தான் பேசினார். புது வீட்டுக்கு வருவாராம்; லயத்துக் காம்பராச் சாவியை மட்டும் ஆபீசில் ஒப்படைக்க மாட்டாராம். ஐப்பசியில் பிடித்த தண்ணீர் பங்குனி மழை வரும்வரை நின்றால் சாவியைக் கொடுப்பார். நடுவில் தொட்டி காய்ந்தால் சட்டி பானையோடு காம்பராவுக்கே திரும்ப வேண்டும். அக்கா இதற்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்.

தப்புச் சத்தத்தோடு ஏறியது

லொறி ரோட்டோடு நின்றுவிட்டது. வீடு மேலே, நடுவில் தேயிலை. ஐயாயிரம் லீட்டர் பிடிக்கிற கறுப்புத் தொட்டிகள் இரண்டு, ஆளை விட உயரம். கனம்கூடப் பெரிதில்லை, அந்த உருவத்தைத்தான் ஒற்றையடிப் பாதையில் ஏற்ற முடியாது. கை தவறினால் கொத்மலை நீர்த்தேக்கத்தில் போய்த்தான் மிதக்கும் என்று என் கூட்டாளி மரியதாஸ் எல்லாரையும் பயமுறுத்தி வைத்திருந்தார். சாமி தூக்குகிற மாதிரி நீளக் கம்புகளைக் குறுக்கே கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். யாரோ லயத்துக்குப் போய்த் தப்பு மேளத்தைக் கொண்டுவந்து அடிக்கத் தொடங்கியதும் கால்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்தன. பெண்கள் முன்னால் போய்க் கிளைகளை ஒதுக்கினார்கள். நான் பல ஊரில் தொட்டி ஏற்றியிருக்கிறேன். ஆட்கள் சிரித்துக்கொண்டே தூக்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதி மலையில் கண்டாக்கு ஐயா குடையோடு நின்றார். தேயிலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். செடிக்குச் சேதம் வந்தால் தோட்டத்தை நடத்துகிற துரைக்கு எழுதுவேன் என்று முந்தைய நாளே சொல்லி அனுப்பியிருந்தார். சரியாக அவர் நின்ற வளைவில்தான் முதல் தொட்டி வடிகால் கானுக்கும் செடிக்கும் நடுவே சிக்கியது. தப்பு நின்றது. எல்லார் கண்ணும் அவர் முகத்தில். அவர் கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். குடையை மடக்கி, அதன் வளைந்த பிடியால் கிளையை ஓரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பக்கம் தூக்குங்கப்பா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா டேங்கி ஏறுமா?"

விட மனமில்லாத தண்ணீர்

கூரையில் விழும் மழையை ஓரத்துத் தகரக் கட்டரில் பிடித்து, குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் கூரையைக் கழுவிக்கொண்டு வருகிற முதல் தண்ணீரை உள்ளே விடக்கூடாது. அதற்கென்று ஒரு பக்கக் குழாய் வைப்போம். கொஞ்ச நேரம் அது வெளியே கொட்டட்டும், பிறகு மூடுங்கள் என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வீடு கட்டிய மேசன்மாருக்கு எல்லாம் அந்த வீட்டு விறகடுப்பில்தான் சமையல், கூரைத் தகரமெல்லாம் கரி.

முதல் மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால், பக்கக் குழாயில் பழைய சேலைத் துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்திருந்தது. வாழ்நாளெல்லாம் பீலியில் வரிசை நின்ற மனிதர் கண் முன்னால் தண்ணீர் மண்ணில் கொட்டுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்? மரியதாஸ் வாதாடவில்லை. தொட்டியிலிருந்து ஒரு கேத்தல் தண்ணீர் பிடித்தார், கொதிக்க வைத்தார், தேயிலை போட்டு அக்கா கையில் கொடுத்தார். மையைக் கரைத்த நிறம். மேலே எண்ணெய் மாதிரி ஒரு ஆடை. அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஒரு மிடறு குடித்துத் துப்பிவிட்டுத் துணியைத் தானே பிடுங்கினார். தொட்டியைத் திறந்து கழுவத் தொடங்கும்போது சொன்னார்: "இந்தத் தேத்தண்ணிய வெள்ளைக்காரன் ஒரு வாய் குடிச்சான்னா, நாளைக்கே நம்ம தோட்டத்த மூடிருவானுங்க."

தொட்டிக்குள் கேட்டது

அடுத்த மழை இடியோடு வந்தது. மத்தியானம் கறுத்தது, நாங்கள் கருவிகளை ஒதுக்குவதற்குள் எதிர்மலை மறைந்துவிட்டது. பக்கக் குழாயில் கறுப்பாக வந்து, சாம்பலாகி, கண்ணாடியாகத் தெளிந்ததும் அக்கா தன் கையால் மூடினார். அப்போது தொட்டிக்குள் ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், வெற்றுப் பீப்பாயில் அருவி விழுகிற மாதிரி. பேசினால் காது கேட்கவில்லை. கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் மேலே ஏறிவந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். ஒருத்தி தொட்டியை விரலால் தட்டினாள். தண்ணீர் நிற்கிற இடம்வரை சத்தம் அடங்கி வரும், அதற்கு மேல் கணீர் என்று ஒலிக்கும். சத்தம் மாறுகிற இடத்தில் அக்கா கரிக்கட்டையால் கோடு போட்டார். கொஞ்ச நேரத்தில் கோடு தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு கோடு. எனக்கே கை துறுதுறுத்தது, நானும் தட்டினேன்.

முதல் தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் இரண்டாவதற்குப் போகும். நடுவில் வால்வு. அதைத் திறந்தே வைத்தால் இரண்டும் ஒன்றாக நிறையும், ஒன்றாக இறங்கும் என்று எல்லாருக்கும் விளக்கினேன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சிவனு அண்ணன் அப்போதுதான் வந்தார். அவரும் தட்டினார், வால்வைக் குனிந்து பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "ஐப்பசியில என்னாத்துக்குத் தட்டுறீங்க? பங்குனியில வந்து தட்டிப் பாருங்க."

செம்பு செம்பாக

கார்த்திகையிலேயே இரண்டும் நிறைந்துவிட்டன. தை மாதம் பால் காய்ச்சினார்கள். எங்களுக்கு அன்று தலவாக்கலையில் வேலை. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். சாப்பாடு பலமாக இருந்தது. பாயாசம் குடித்துக்கொண்டிருந்த மரியதாஸ் திடீரென்று என் முழங்கையை இடித்தார். முதல் தொட்டியின் மேல் ஏணி சாத்தியிருந்தது. மூடி திறந்திருந்தது. கீழே பெண்கள் வரிசை.

புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும், அது வழக்கம். ஆனால் இந்த வீட்டில் வீட்டை விடப் பெரிய விசேஷம் தண்ணீர்தானே. முதலில் அக்கா மஞ்சள் கரைத்து ஒரு செம்பு பால் தொட்டிக்குள் ஊற்றியிருக்கிறார். அக்கா ஊற்றினால் நாத்தனார் சும்மா இருப்பாரா? நாத்தனார் ஊற்றினால் பக்கத்துக் காம்பரா? லயம் முழுக்கப் பாலோடுதான் வந்திருந்தது. மாடு வைத்திருந்தவர்கள் போத்தலோடு. நான் ஏணியைப் பிடித்தபோது கடைசிச் செம்பு சரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் கையெடுத்துக் கும்பிட்டு ஊற்றியதை என்னவென்று திட்டுவது?

மூன்றாம் நாள் அக்கா போன் எடுத்தார். உடனே வரச் சொன்னார். போய் மூடியைத் திறந்தோம். திறந்த வேகத்தில் மூடினோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. இனிமேல் பங்குனிக்குத்தான் மழை. மரியதாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார்: "எங்க கோயில் ஃபாதரக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லிருந்தீங்கன்னா நாலு சொட்டுத் தண்ணி தெளிச்சிட்டு சோறு திங்கப் போயிருப்பாரு."

காணாமல்போன கைப்பிடி

வால்வைத் திறந்து வைக்கச் சொன்னது நான்தான். அப்படியானால் இரண்டு தொட்டியும் போச்சு. அக்கா வாசலில் உட்கார்ந்து கீழே லயத்துக் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமான்களை எந்தப் பக்கமாக இறக்குவது என்று கணக்குப் போடுகிற பார்வை அது. நாங்கள் இரண்டாவது தொட்டியின் குழாயைத் திறந்து ஒரு கோப்பையில் பிடித்தோம். மோந்தோம். மறுபடி மோந்தோம். மரியதாஸ் குடித்தே பார்த்துவிட்டார். சுத்தமான மழைத்தண்ணீர்.

வால்வு மூடியிருந்தது. மூடியது மட்டுமில்லை, கைப்பிடியையே கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சிவனு அண்ணன் பின்வாசலில் நின்று சாரத்து மடியை அவிழ்த்துக் காட்டினார். ஒரு பக்கம் காம்பராச் சாவி, மறு பக்கம் வால்வின் கைப்பிடி. கார்த்திகையில் இரண்டும் நிறைந்த அன்றே கழற்றிவிட்டாராம். ஒன்று ஒழுகினாலும் ஒன்று மிஞ்சட்டும் என்று. அக்கா எழுந்து வந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முதுகில் ஒரு தட்டு விழுந்தது, அது அண்ணனுடைய கை. கைவேலைக்காரர்களை இங்கே எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஒங்கள நம்புனவுக எல்லாம் பால ஊத்துனாக. நம்பாதவன்தான், பாஸ், தண்ணியக் காப்பாத்துனான்."

லீக்ஸ் பாத்தி

அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் அவருடையது. குடிக்க, சமைக்க இரண்டாவது தொட்டி. புளித்த தண்ணீர் கக்கூசுக்கும் தோட்டத்துக்கும். அக்கா ராகலையிலிருந்து நாற்று வாங்கிவந்து வீட்டுக்குக் கீழே லீக்ஸ் பாத்தி போட்டார். பால் குடித்த லீக்ஸ் என்று லயத்தில் பெயரே வைத்துவிட்டார்கள். மாசியில் முதல் தொட்டி காலியானதும் மரியதாஸ் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினார். உள்ளே இருந்துகொண்டு அவர் தேத்தண்ணி கேட்டுப் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டம்வரை கேட்டிருக்கும்.

பங்குனி பிறந்தபோது கீழே பீலி நூலாகிவிட்டது. அக்காவின் தம்பி தினமும் மேலே ஏறிவந்து தொட்டியைத் தட்டுவார். "என்ன மாமா, காம்பராச் சாவி பத்திரமா இருக்கா?" என்பார். அண்ணன் சாரத்து மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார். சத்தம் மாறுகிற இடம் முழங்காலுக்கு இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு. அக்கா அரிசி களைந்த தண்ணீரைக் கூடக் கீழே விடவில்லை. நான் வேறு ஊரில் வேலை செய்துகொண்டே அந்தக் கணுக்கால் தண்ணீரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை. தகரத்தில் மழை விழுகிற இரைச்சல் மட்டும். நானும் மரியதாசும் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போனோம். நனைந்துகொண்டே மலை ஏறியபோது பக்கக் குழாயில் முதல் தண்ணீர் கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதை அடைக்கவில்லை. மேல் வரிசையின் பூட்டிய வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் தாழ்வாரத்தில் நின்றார்கள். நான் குனிந்து இரண்டாவது தொட்டியின் அடியில் தட்டினேன். ஒரு விரல் அளவுக்குச் சத்தம் அடங்கியே இருந்தது. அந்த மழை வந்து விழும்போது பழைய தண்ணீர் மிச்சம் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, தன் கணவரையும் பார்க்கவில்லை, பூட்டிய வீட்டுக்காரர்களைப் பார்த்துத்தான் சொன்னார்: "டேங்கிக்கு பாஸ்கிட்ட இப்பவே சொல்லி வைங்க. பால் காய்ச்சுறன்னைக்கி மட்டும் ஏணிய எங்க வீட்டுல குடுத்துருங்க."

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து தோட்ட ஆபீஸ் திறந்த முதல் நாள் சிவனு அண்ணன் காம்பராச் சாவியை ஒப்படைத்தார். வால்வின் கைப்பிடியை இன்னும் ஒப்படைக்கவில்லை.