தறிச் சத்தத்தில் சொன்னது

போரில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் கொடுமையை எதிர்த்துக் கூட்டம் போட்டுப் பேசும் பெண்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் தறியில் துணைக்கு உட்காரும் சுதாவைப் பார்க்க வந்தார்கள். அவள் இலங்கைச் சண்டையில் தப்பி வந்தவள்.

நான் தறியை நிறுத்தினேன். யார் வந்தாலும் எங்களுக்கு அதுதான் மரியாதை. சுதா பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதம்மா, பேரு வெளிய வராது" என்றார் வந்தவர்களில் மூத்தவரான மேரி அக்கா.

சுதா என்னைப் பார்த்தாள். "தறியை ஓட்டுங்கோ அக்கா. சுவருக்கு அங்கால ஆக்கள் இருக்கினம்."

ஓட்டினேன். அந்தச் சத்தத்துக்குள் சிப்பாய்கள் தனக்குச் செய்ததைச் சொன்னாள். நடுவில் ஓர் இழை அறுந்தது. நிறுத்தி முடிச்சுப் போடாவிட்டால் சேலையில் பழுது விழும். நான் நிறுத்தவில்லை.

"கூட்டத்துல பேசுவியாம்மா?" என்று மேரி அக்கா கேட்டார்.

"சத்தமில்லாத இடத்தில எனக்கு வராது."

"அப்ப கூட்டத்த இங்கியே வெச்சுக்கலாம்கா. பொடவ பாக்க வந்திருக்காங்கன்னு அக்கம்பக்கத்துல நெனச்சுக்குவாங்க" என்றேன். சுதா சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் தறியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மனம்விட்டுப் பேச அமைதி வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் சொல்லி முடிக்கும்வரை நெய்தேன்.