ஒரு சின்னச் சுளுக்கு போதும்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு மனிதனின் கால் சுளுக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அந்த மனிதர் இந்தியக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சொல்லப்போனால் ஆள் பார்க்க அழகாகக்கூட இருப்பார். ஆனால் அவர் கை கால் நன்றாக இருக்கும்வரை என் மாமா மைதானத்தில் இறங்க முடியாதே, நான் என்ன செய்ய?

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. குன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில், பச்சை இலையை வாட்டப் போடும் மாடியில் அவருக்கு வேலை. உடம்புதான் அங்கே இருக்கும், மனசு பந்துக்குப் பின்னால் ஓடும். மாவட்ட அணி, கோயம்புத்தூரில் ஒரு கிளப், வடக்கே ஒரு கிளப் என்று போய்ப் போய், கடைசியில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கான இந்திய அணியில் இரண்டாவது கோல்கீப்பராக எடுத்துவிட்டார்கள். எங்கள் லயத்தில் இருபது வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இருபது வீட்டுக்கும் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது கோல்கீப்பர் என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஓடுகிறவர்கள் களைத்துப்போனால் ஆளை மாற்றுவார்கள். கோல்கீப்பரை அப்படி மாற்றமாட்டார்கள். அவர் அடிபட்டு விழுந்தால்தான் அடுத்தவருக்கு வழி.

எங்கள் வீடு மாமாவின் பேரில் நின்றுகொண்டிருந்தது. எஸ்டேட்டில் செக்ரோல் என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் குடும்பத்துக்கு ஒரு நிரந்தரப் பேர் இருந்தால் லயத்தில் ஒரு வீடு. பேரை வெட்டிவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியதுதான். தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்து வாங்கிய பேர், அவர் போன பிறகு மாமாவுக்கு வந்தது. அந்தப் பேர் கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் மாறும், மாப்பிள்ளைக்கு மாறாது. ஊட்டி மண்டியில் கேரட் மூட்டை தூக்கிய என் அப்பா, எஸ்டேட்டைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளி. அம்மா குன்னூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். காலையில் மற்றப் பெண்களெல்லாம் கூடையோடு மலை ஏறும்போது, அம்மா ஒருத்தி மட்டும் சேலைக்கு மடிப்பு எடுத்து, பின் குத்தி, ஊதாப்பூ போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்குவாள். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. அந்தக் குடையை மட்டும் தொட விடமாட்டாள்.

மாமாவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலை கிட்டத்தட்ட வந்த மாதிரிதான். அதோடு குவார்ட்டர்ஸும் உண்டு. அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரிக்காரர்கள் வீட்டில் இருப்பதுபோல வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். எல்லாரும் அங்கே போய்விடலாம் என்று பேச்சு. ஒரே ஒரு நிபந்தனை. நாட்டுக்காக ஒரு ஆட்டத்திலாவது மைதானத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் என்றாலும் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருந்ததெல்லாம் செல்லாதாம்.

ஆட்டம் இருக்கிற நாள் சாயங்காலம் லயமே தொழிலாளர் கிளப்பில் கூடிவிடும். உடைந்த ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து டிவிக்கு முன்னால் நிற்கும். எங்களில் யாரும் பந்தைப் பார்த்ததில்லை. எல்லாருக்கும் கண் அந்தப் பெஞ்சின்மேல்தான். முதல் ஆட்டத்தில் மாமாவை இரண்டு நொடி காட்டினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய முழங்காலைக் காட்டினார்கள். அது மாமாவின் முழங்கால்தானா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. நடுவில் இந்தியா தோற்றுக்கொண்டிருந்தது. அதுவும் எப்படி? முதல் பாதியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆடும், அடுத்த பாதியில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு தோல்விக்கும் அப்பா கேரட் மண்டி ரசீதின் பின்பக்கத்தில் ஒரு புதுக் கணக்கு போடுவார். "இந்தா பாரு கண்ணு, இவன் அவன்கிட்ட தோக்கணும், அவங்க ரெண்டு பேரும் டிரா பண்ணணும், நாம நாலு கோல்ல ஜெயிச்சுப்புட்டா, உள்ள வந்துருவோம்." பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். பாவம், அந்தக் கணக்கில் இந்தியாவைத் தவிர எல்லா நாடும் சொன்னபடி கேட்கும். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள வராட்டியும் போவுது. அந்தக் கோலிக்கு ஒரு சின்னச் சுளுக்கு விழுந்தா போதும்" என்பார். என் வேண்டுதல் அங்கிருந்து வந்ததுதான். எலும்பு முறிவெல்லாம் வேண்டாம் தாயே, சுளுக்கு போதும் என்று நான் தெளிவாகத்தான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து எஸ்டேட் மேனேஜர், அதாவது எங்கள் துரை, மாறினார். பழைய துரை பந்துப் பைத்தியம். மாமாவுக்கு லீவுக்குமேல் லீவு கொடுத்துக்கொண்டே இருந்தவர். புதியவருக்கு லீவு என்ற வார்த்தையே ஆகாது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதற்கு முந்தின வியாழக்கிழமை காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு ஒங்க ஊட்டுலருந்து ஆள் நிக்கணும். பேர் கூப்புடுறப்ப ஆள் இல்லேன்னா வெட்டிப்புடுவாங்க. நா சொல்லிப் பாத்துட்டேன்."

"அவன் கேம்புல கெடக்கானேண்ணே."

"கூடப்பொறந்தவ நீ இருக்கியே. ஒம் பேர மாத்திக் கேளு, குடுப்பாங்க. எல இருக்கு, ஆளுதான் இல்ல" என்றார் மேஸ்திரி. அம்மா அவருக்குப் பால் விடாத சாயத் தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளப்புக்குக் கிளம்பும்போது, அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தா காலத்துப் படங்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். படங்கு என்றால், தேயிலைச் செடி உடம்பைக் கீறாமல் இருக்கக் கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கட்டிச் சாக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் இது என்ன சகுனம்?

"மாமா எறங்கக் கூடாதுன்னு நீதாம்மா வேண்டிக்கிற. நீ வெளங்கவே மாட்ட" என்றேன்.

அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி, "போ, நேரமாச்சு. குளிரும், ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டுப் போ" என்றாள். இன்றைக்கும் நான் சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் என் நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு அப்பாவின் கடைசிக் கணக்கும் அரை மணி நேரத்தில் பொய்த்துப்போனது. இரண்டு கோல் வாங்கிவிட்டோம். இனி உலகக் கோப்பை இல்லை என்று டிவியில் சொன்னார்கள். கிளப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, எங்கள் உலகக் கோப்பை பெஞ்சில்தானே இருந்தது. பிறகு, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அம்மன் கண்ணைத் திறந்தாள். எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்து மோதினான். எங்கள் கோல்கீப்பர் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்.

கிளப் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். விசில்கூட அடித்தார்கள். அப்பா என்னைத் தூக்கியே விட்டார். இலை ஏற்ற வந்து மழைக்கு ஒதுங்கியிருந்த கூடலூர் லாரி டிரைவர் ஒருவர் மட்டும் எழுந்து மலையாளம் கலந்து கத்தினார். "எந்தா இது? நம்மட கோலியல்லே வீணு கெடக்குது! அதுக்குப் போயி கை தட்டுறீங்களே, மனுஷங்கதானா நீங்க?"

டிவியில் மாமா எழுந்திருந்தார். முழங்கால் மட்டுமல்ல, முழு மாமா. மேல்சட்டையைக் கழற்றினார், கையுறையை மாட்டினார், எம்பி எம்பிக் குதித்தார். நான் என் இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு தாயே தாயே என்றேன். டாக்டர் ஓடினார், எதையோ தெளித்தார். கீழே கிடந்தவர் மெல்ல உட்கார்ந்தார். எழுந்தார். ஒரு காலை நொண்டிப் பார்த்தார், இரண்டடி ஓடிப் பார்த்தார், பிறகு கையை உயர்த்தினார். மைதானமே அவருக்குக் கைதட்டியது. மாமாவும் தட்டினார். கையுறை போட்ட கையால் தட்டிவிட்டு, மறுபடி மேல்சட்டையை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவரை அவ்வளவு நேரம் டிவியில் காட்டியது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா தலையைத் தூக்காமல், "எறங்குனானா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் அப்பா. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மாமாவை அதற்குப் பிறகு எந்த அணிக்கும் கூப்பிடவில்லை. இப்போது கோயம்புத்தூரில், வாடகைக்கு விடுகிற ஒரு செயற்கைப்புல் மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆடவந்த பிள்ளைகள் ஓய்ந்துபோனால் வலையைச் சுருட்டி வைப்பார். நாங்கள் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறோம். தேயிலைக் கறை ஏறிய அம்மாவின் விரல்கள் எந்தச் சோப்புக்கும் வெளுப்பதில்லை. அந்தக் கையில் சாக்பீஸ் இருந்ததென்று சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில், அம்மா பழைய சட்டை ஒன்றைச் சேலைக்குமேல் போட்டு, படங்கைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பேசிய பேச்சுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தன நாளைக்கும்மா இது?"

"ஒம் மாமா எறங்குற வரைக்கும்டி."

எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அடுத்த தகுதிச் சுற்று எப்போது என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அப்பாவின் பிள்ளைதானே நான். மூன்று வருஷம், அதிகமாகப் போனால் நாலு. அதற்குள் அந்தக் கோல்கீப்பருக்கும் வயசாகிவிடும்.

அம்மா ஆணியில் மாட்டியிருந்த ஊதாப்பூக் குடையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இத நீயே வச்சுக்க."

"நெசமாவா? எனக்கேவா?"

"ஆமா. மலையில இத எங்கிட்டுப் புடிக்கிறது? ரெண்டு கையும் வேணுமே" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தேன். அன்றைக்கு மழையே இல்லை, நல்ல வெயில். ஆனாலும் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கட்டும் என்று குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.